நாலாவது டேக்

பாலக்கரையில் பிலோமின்ராஜுக்கு நல்ல பேர். வாயைத் திறந்தால் உண்மைதான் வரும் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனுஷன் இப்போது பேச்சை மாற்றிவிடுகிறார். அவர் சொன்னது ஒரே ஒரு பொய். அந்தப் பொய் ஓர் ஆளையே கொண்டுபோய்விட்டது என்று நம்புகிறார்.

பகலில் துவாக்குடியில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலமானால் டிராம்போன். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. "இழுத்து இழுத்து ஊதுவாரே, அவரா?" என்பார்கள். பதினாறு வயதில் பங்குக் கோயில் பேண்டில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. தேர்பவனி, கல்யாணம், சாவு என்று அவர் ஊதிக்கொண்டு நடக்காத தெரு பாலக்கரையில் கிடையாது.

பேண்டில் முப்பது பேர் சேர்ந்து ஊதினால் ஒருத்தன் தப்பு இன்னொருத்தன் சத்தத்தில் மறைந்துவிடும். அதில் என்ன ருசி இருக்கிறது? அலுத்துப்போய்த்தான் நாலு பேர் தனியாக ஒதுங்கினார்கள். முதல் டிரம்பெட் ஜெபராஜ், பிலோமினோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இரண்டாவது டிரம்பெட் ஜோஸ். யூபோனியம் என்கிற பெரிய குழலுக்கு, ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் வாத்தியாராக இருக்கும் ரெங்கராஜ். ஆளுக்கு ஒரு பாகம். நாலு பாகமும் சேர்ந்தால்தான் பாட்டு, யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெங்கராஜ் வீட்டு மாடியில் பயிற்சி. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் டிராம்போன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிலோமின் காவேரியைத் தாண்டுவார். பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவாள்: "சந்தியா வேளையில இப்படி ஊதினேள்னா, சயனத்துல இருக்கற பெருமாளே எழுந்து உக்காந்துடுவர்!" ஜெபராஜ் அங்கிருந்தே கும்பிடு போடுவார். அடுத்த வாரம் மாமியே மோர் கொடுத்தனுப்புவாள்.

நாலு பேர் வாசிக்கும்போது முன்னால் நின்று கை வீச ஆள் கிடையாது. எங்கே ஆரம்பிப்பது என்று எப்படித் தெரியும்? ஜெபராஜின் மூச்சுதான். அவர் நெஞ்சு நிமிர்ந்து மூக்கும் வாயுமாக ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பிலேயே வேகமும் பாட்டின் குணமும் இருக்கும். மற்ற மூன்று பேரும் அதோடு சேர்ந்து இழுத்து, ஒரே நொடியில் இறங்குவார்கள். பதினோரு வருஷம் அப்படித்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம் ரெக்கார்டிங் வைத்தார்கள். மன்னார்புரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் யமுனா, கோயிலுக்குள் வாசித்தால்தான் நாதம் கூடும் என்று, பூசை இல்லாத ஒரு பழைய சிற்றாலயத்தைப் பிடித்துக் கொடுத்தாள். பிற்பகல் மூன்று மணி, திருச்சி வெயில். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. பஸ் ஹாரனுக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. மாதாவே, அது கோயிலா இட்லிப் பானையா! சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்.

மூன்று முறை பதிந்து, மூன்று டேக்கும் வீணாகப் போனது. நாலாவது டேக் நன்றாக வந்தது, ஒரு இடம் தவிர. நடுவில் மற்ற மூன்று பேரும் அடங்கி டிராம்போன் மட்டும் தனியாக ஒரு சுரத்தைப் பிடிக்க வேண்டிய இடம். கையை முழுக்க நீட்டிக் குழாயை இழுக்க வேண்டும். பிலோமினின் வியர்த்த கை இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. சுரம் ஏறிக் கோணலாக நின்றது. ஜோஸும் ரெங்கராஜும் அடுத்த வரிக்குத் தயாராகிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. யமுனா மட்டும் ஹெட்ஃபோனோடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

ஜெபராஜ் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். "முடிஞ்சுதாடா? ஃபேனைப் போடுங்கப்பா, நெஞ்சை அடைக்குது."

"நான் சறுக்கிட்டேன், இன்னொண்ணு போவோம்" என்று சொன்னால் போதும், யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் பதினோரு வருஷமாகச் சுரம் தப்பாதவன் என்று பேர் வாங்கியவர் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "டேய் ஜெபா, உன் மூச்சு சத்தமா விழுதுடா மைக்குல. புஸ்ஸு புஸ்ஸுன்னு. இன்னொரு டேக் போயிடுவோம்."

யமுனா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். வயதில் பெரியவர் என்று விட்டுவிட்டாள்.

"அப்படியாடா?" என்றார் ஜெபராஜ். வெட்கப்பட்டார், பாவம். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஐந்தாவது டேக்கில் அவர் மூச்சு கேட்கவே இல்லை. வாயைச் சின்னதாகக் குவித்து, திருடுகிற மாதிரி இழுத்தார். டிராம்போன் சுத்தமாக விழுந்தது. நாலாம் நாள் ஜெபராஜ் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு.

அந்த ஐந்தாவது டேக்கைத்தான் நெட்டில் போட்டார்கள். கேட்டவர்களெல்லாம் டிராம்போனைப் பாராட்டினார்கள்.

அன்றிலிருந்து பிலோமினுக்கு அந்த மூச்சு கேட்கிறது. பெரிய மூச்சு இல்லை, ஐந்தாவது டேக்கின் திருட்டு மூச்சு. பட்டறையில் சாமான் பெட்டியைத் திறக்கும்போது காதோரம் ஒரு சின்ன இழுப்பு. பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு இழுப்பு. நடுப்பகலில், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கும். இவர் நெஞ்சு தானாகத் தயாராகும், விரல் தானாக வளையும். அப்புறம் ஒன்றும் ஆரம்பிக்காது. மனுஷன் அப்படியே காத்துக்கொண்டு நிற்பார். மனைவி அமலராணி மந்திரித்துப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டுவிட்டாள். ஜெபராஜ் இடத்துக்கு வேறு ஆளை வைத்து இரண்டு தரம் உட்கார்ந்து பார்த்தார்கள். பிலோமின் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். டிராம்போனைப் பெட்டியில் வைத்து மூடினார்.

வருஷ நினைவுப் பூசைக்கு ஒரு வாரம் முன்னால் ஜெபராஜின் மனைவி லூர்துராணி வீட்டுக்கு வரச் சொன்னாள். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, பூசை முடிஞ்சதும் கோயில்ல அந்த ரெக்கார்டைப் போடணும். பங்குச் சாமிகிட்ட கேட்டுட்டேன், சரின்னாரு. ஆனா அந்த யமுனா மட்டும் வரக் கூடாது."

"ஏம்மா? அது என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சா? அவதானே இவருகிட்ட மூச்சு சத்தமா விழுதுன்னு சொன்னது!" லூர்துராணி காபித் தட்டைத் தள்ளி வைத்தாள். "ரெக்கார்டிங்ல சொல்லிட்டாங்க ராணின்னு வந்து சொன்னாரு. மறுநாள் விடிஞ்சதும் மொட்டைமாடியில போய் நின்னுக்கிட்டு மூச்சை இழுக்குறதும் அடக்குறதும்... படி ஏறவே திணர்றீங்களே, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னேன். இது நோவு இல்லடி, வாசிப்புக் கோளாறு, பழகினா சரியாயிடும்னுட்டாரு. மூணு நாள் பழகினாருண்ணே. ரெண்டு நாள் முன்னாடி கூட்டியாந்திருக்கக் கூடாதாம்மான்னு டாக்டர் என்னைத்தான் கேட்டாரு."

மூன்று நாள். இது பிலோமினுக்குத் தெரியாது. அந்த ஒரு டேக்கில் களைத்துப் போய்விட்டான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

யமுனா ஒருமுறை அவரிடம் கேட்டிருந்தாள், "அக்கா ஏன் சார் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க?" என்று. அப்போது இவர் தெரியலையேம்மா என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இப்போதும் "சரிம்மா, வர வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றால் போதும். யமுனா கடைசிவரை வாய் திறக்க மாட்டாள். இந்த வீட்டில் அண்ணன் அண்ணனாகவே இருக்கலாம். அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில், சமையல்கட்டுப் பக்கமிருந்து அந்தச் சின்ன இழுப்பு கேட்டது.

"யமுனா சொல்லலை ராணி. நான்தான் சொன்னேன்."

அவள் நம்பவில்லை. "உங்களைத் தெரியாதாண்ணே எனக்கு? பொம்பளைப் புள்ளைன்னு பாவம் பாக்குறீங்க."

பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன நல்ல பேர், உண்மையைச் சொன்னாலும் விட மாட்டேன் என்கிறது! அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. அங்கேயே போனை எடுத்தார்.

"யமுனா, அந்த நாலாவது டேக் இருக்காம்மா?"

"இருக்கு சார். அழிக்கலை. அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

வந்ததும் போனை மேஜையில் வைத்து ஓடவிட்டார். முதலில் ஜெபராஜின் மூச்சு. முழு மூச்சு, பெரிய மூச்சு, அறை நிறைய. லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு ஓடியது. நடுவில் டிராம்போன் தனியாக வந்து, கோணலாக நின்றது. சங்கீதம் ஒன்றும் தெரியாத அவள் முகமே சுளித்தது.

"இது யாரு?"

"நான். இதை மறைக்கத்தான் அவன் மூச்சு மேல பழி போட்டேன். அவன் மூச்சுல ஒரு குறையும் இல்லை ராணி."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூசையில இதைப் போடுங்க" என்றாள். "அந்தப் பொண்ணையே வந்து போடச் சொல்லுங்க."

பூசைக்குப் பாலக்கரையே வந்திருந்தது. முடிந்ததும் யாரும் எழவில்லை. யமுனா பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஜெபராஜ் மூச்சிழுத்தார். முன் பெஞ்சில் ஜோஸும் ரெங்கராஜும் தங்களை அறியாமல் கூடவே இழுத்தார்கள். பிலோமின் அந்த இடம் வரும்வரை தலையைக் குனிந்திருந்தார். வந்தது. பேண்டுக்காரர்கள் வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. ஜோஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டுவிட்டது தெரிந்தது. பிலோமின் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

வெளியே வந்தபோது லூர்துராணி யமுனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "மன்னிச்சுடும்மா" என்பது மட்டும் இவர் காதில் விழுந்தது. அப்புறம் அவள் இவர் பக்கம் வந்தாள்.

"வந்ததுக்கு நன்றிண்ணே. இனிமே வீட்டுக்கு வராதீங்க. வரணும்னா நானே சொல்லி அனுப்புறேன்."

"சரிம்மா" என்றார்.

எட்டு மாதம் ஆகிறது. லூர்துராணி வீட்டுத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார். இன்னும் அவள் சொல்லி அனுப்பவில்லை.