மாஸ்க் போனது, கப் போகவில்லை

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செஞ்சியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. நான் வேலை பார்த்த டீக்கடைக்கு வாடிக்கையாக வரும் ஆட்டு வியாபாரி. பின் சீட்டில் ஓர் ஆடு, கால்கள் கட்டப்பட்டு, என்னையே பார்த்தது.

“இன்னா மாஸ்டர், மூட்டையக் கட்டிகினு கெளம்பிட்ட? உன்னையும் ஆபீஸுக்குக் கூப்ட்டுட்டாங்களா?”

சிரித்து வைத்தேன். ஏறிக்கொள்ளச் சொல்லியிருப்பார். ஆடு இருக்கிறதே! அவர் போனார். நான் நடந்தேன்.

இப்போது எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். கட்டுப்பாடுகளை எடுத்தாச்சு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம், மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் பிதுங்குகிறது, ஆபீஸ் எல்லாம் திறந்தாச்சு... நான் எழுதுகிற பத்திரிகையிலிருந்துகூட போன் செய்தார்கள். “மறுபடி ஆபீஸ் போவது பற்றி ஜாலியாக ஏதாவது எழுதுங்களேன்.”

எனக்கும் ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம்? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுவது என்று ஊர் ஊராகப் போனவன். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரியும். ஆனாலும், ஒருவன் ஆபீஸுக்குத் திரும்பிப் போன கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. என் வேலை போன கதையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாலியாக இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

ஊரின் பெயர் வேண்டாம். செஞ்சிக்கு மேற்கே, மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து, ‘பார்சல் மட்டும்’ என்று டீக்கடைகளைத் திறக்கவிட்ட சமயத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். கடையின் பழைய மாஸ்டர் சொந்த ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. முதலாளியே அடுப்பு முன்னால் நின்று பாலைப் பொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வேலை கேட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எந்த ஊரு?”

ஊரைக் கேட்டால் ஊரையா கேட்கிறார்கள்?

“நெறைய ஊருங்க” என்றேன்.

முறைத்தார். அதற்குள் பால் மறுபடி பொங்கி வழிந்தது. வேலை கிடைத்துவிட்டது.

அப்போது எல்லோருக்கும் பேப்பர் கப்தான். கண்ணாடி கிளாஸ்களைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டிருந்தார்கள். நிலத்துக்காரர், அந்த நிலத்தில் களையெடுக்கும் பெண்கள், ரிட்டையர்டு வாத்தியார், குப்பை வண்டி ஓட்டுபவர் — யார் வந்தாலும் அதே வெள்ளைக் கப். குடித்துவிட்டு எல்லோரும் ஒரே கூடையில் போட்டார்கள். தள்ளி நிற்க வேண்டும் என்றால் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். வட்டம் போட்டு வைத்திருந்தோம். நான் வெளியூர்க்காரன். பரவாயில்லையே, நல்ல ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை எனக்குப் பழக்கமானது அங்கேதான். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊரடங்கில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன். காலனியில் சிக்னல் கிடையாது. முதலாளி தன் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக இன்டர்நெட் லைன் இழுத்திருந்தார். அது தினமும் ஒருமுறை செத்துப்போகும். ஏழுமலை வந்து உயிர் கொடுப்பான். அதனால் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவனுக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன். முதலாளி அவனை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“சார், பாப்பாவுக்குப் படம் நிக்கிது, சத்தம் மட்டும் வருது. செத்த பாருங்க சார்.”

வேலைக்கு நடுவே எழுந்து வந்து பாய்லர் பக்கத்தில் நின்று டீ குடிப்பான். நிறையப் பேசுவோம். அவனுடைய நைனா இறந்து வெகு காலமாகிறது. அம்மா மட்டும்தான். கொரோனா வந்து பிழைத்த அம்மா. பிழைத்தாரே தவிர, அதிலிருந்து மூச்சு வாங்குகிறது. குடம் தூக்க முடியாது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எல்லோரும் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும்.

அவனோடு வேலை செய்பவர்கள் போனில் அழுத அழுகை எனக்கே கேட்டது. ஒருவருக்கு டிராஃபிக் பயம். ஒருவருக்கு விடுதிச் சாப்பாட்டை நினைத்தாலே வயிறு கலங்குகிறதாம். ஒரு பெண், தன் நாய்க்குட்டி ஏங்கிவிடும் என்றாள். கிண்டல் செய்யவில்லை. நாய் ஏங்கத்தான் செய்யும்.

ஏழுமலை மட்டும் அழவில்லை. “நான் போவலண்ணே. செஞ்சியில ஒரு ரைஸ் மில்லுல கம்ப்யூட்டருக்கு ஆள் கேக்கறாங்க. சம்பளம் கம்மிதான். சாய்ந்தரம் வீட்டுக்கு வந்துடலாம் இல்ல? அம்மாவுக்குத் துணைக்கு நானும் ஆச்சி. ஊரும் இப்ப நல்லாத்தாண்ணே இருக்குது.”

ஊரும் இப்போது நல்லாத்தான் இருக்கிறது... அவன் சொன்னதில் எனக்கு மறக்காத வார்த்தை அதுதான்.

பிறகு கட்டுப்பாடுகள் எல்லாம் போயின. கடையில் திருவிழாதான். ரிட்டையர்டு லைன்மேன் ஒருவர் மாஸ்க்கைக் கழற்றி என் அடுப்பில் போட்டார். நாற்றம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்து முதலாளி மகள் சைக்கிளில் போக ஆரம்பித்தாள். முதலாளி பரணிலிருந்து சாக்கை இறக்கினார். “மாஸ்டர், கிளாஸ எல்லாம் வெந்நீர்ல கழுவு.”

“கிளாஸ்ல குடிச்சாத்தான்யா டீ” என்றார் வாத்தியார். பெஞ்சு முழுக்க ஆமாம் போட்டது. எனக்கும் சந்தோஷம்தான். கண்ணாடிக்குள் டீயின் நிறத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

ஏழுமலை வழக்கம்போல் வந்து நின்றான். ஊற்றி நீட்டினேன். கிளாஸில்தான். கைக்கு எட்டியது அதுதானே?

பெஞ்சில் பேச்சு நின்றது. ஏழுமலை கிளாஸை ஒரு கணம் பார்த்தான். வாங்கிக்கொண்டான். அவசரமில்லாமல் குடித்தான். மேடையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான்.

முதலாளி வந்தார். பாத்திரம் இறக்குகிற இடுக்கியால் அந்தக் கிளாஸைப் பிடித்துத் தூக்கி, பின்சுவர் மேல் தனியாக வைத்தார். தொட்டால் சுடும் என்பதுபோல முகம்.

“இன்னா மாஸ்டர், ஆள் பாத்துக் குடுக்க மாட்டியா?”

“நம்ம ஏழுமலை சாருங்க...”

“அவங்களுக்கெல்லாம் கப்பு. அது அப்படியே இருக்கட்டும்.”

“ஏங்க?”

“கொரோனா இன்னும் முழுசா போவலியே. அவன் மெட்ராஸ்ல வேல பாக்கற ஆளு. நாலும் யோசிக்கணும் இல்ல?”

மெட்ராஸ் வேலையை அவன் எங்கள் கடைக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் நிஜமாகவே மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிய முதலாளியின் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். இருமிக்கொண்டே. கிளாஸில்.

ஆட்டு வியாபாரிதான் பிறகு எனக்கு விளக்கினார். “முன்னெல்லாம் காலனிக்காரங்களுக்குத் தனி டம்ளர் மாஸ்டர். குடிச்சிட்டு அவங்களே கழுவிக் கவுக்கணும். அப்பறம் கேஸ் ஆயிடும்னு பயம் வந்துச்சி. இப்ப பாரு, கப்பு வந்துடிச்சி. யாரு கேஸ் போடுவான்? சுகாதாரம்!”

சிரித்தார். சிரிப்பில் சத்தம் மட்டும் இருந்தது.

மறுநாள் ஏழுமலை வந்தபோது நான் கிளாஸைத் தொடவா வேண்டாமா என்று நின்றேன். அவனே சொன்னான். “அண்ணே, கப்புலயே குடுங்க. எனக்கோசரம் உங்க வேலைக்கு எதுக்கு வம்பு?”

கொடுத்தேன். வேறென்ன செய்வது? அடுப்பு அவருடையது, பால் அவருடையது.

“மில்லு வேல இன்னா ஆச்சி தம்பி?”

“மில்லு ஓனரும் இந்த ஊருதாண்ணே. இங்கதான் டீ குடிக்கறாரு.” கையிலிருந்த கப்பைப் பார்த்தான். “கிளாஸ்ல.”

கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டான். “ஆபீஸ்ல டீ மெஷின் இருக்குதுண்ணே. பட்டன அமுக்கினா ஊத்தும். ‘எந்த ஊரு’ன்னு அங்கயும் ஆளுங்க கேப்பாங்க. மெஷின் கேக்காது. அதுக்குக் கண்ணு கெடையாது.”

அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டான். கொட்டகையில் முதலாளி தவிட்டு மூட்டைகளை அடுக்கினார். “ஆபீஸ் தொறந்தா போவ வேண்டியதுதானே? ஊட்லயே குந்திகினு சம்பளம் வாங்கினா சோம்பேறி ஆயிடுவானுங்க” என்றார் பென்ஷன் வாங்கும் வாத்தியார்.

அதன் பிறகு நான் எவ்வளவு முயன்றும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. டீ போடுவதைச் சொல்லவில்லை. ஆள் பார்ப்பதை. நான் வந்த காலத்தில் எல்லோருக்கும் பாதி முகம்தானே இருந்தது? மாஸ்க்கைக் கழற்றியதும் எல்லோரும் எனக்குப் புது ஆட்கள். வேட்டி வெள்ளையாக இருந்தால் கிளாஸ் என்று குத்துமதிப்பாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அதுதான் கவிழ்த்தது.

ஒருநாள் காலை, லுங்கியும் சேறுமாக வயலிலிருந்து ஒருவர் வந்தார். பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். மனிதர் கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் கறுத்தது.

“எனக்காடா கப்பு?”

கப் பறந்து வந்து பாய்லரில் மோதியது. முதலாளியின் சித்தப்பா மகனாம். கடையே எழுந்து நின்றது. போன வருஷம் முழுக்க அவர் அந்தக் கப்பில்தானே குடித்தார்? அதே கப், அதே டீ, அதே நான். அப்போது அது காகிதம். இப்போது அது அவமானம்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி கோபப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். “டீ நல்லாப் போடற மாஸ்டர். அதுல கொற சொல்ல மாட்டன். ஆனா, ஆள் தெரியலியே உனக்கு!” மச்சானின் ஊரிலிருந்து ஒருவர் வருகிறாராம். ஆள் தெரிந்தவர்.

பையை எடுத்துக்கொண்டேன். எனக்கு மூட்டை கட்ட நேரமாகாது.

ரோட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ஏரிக்கரை தாண்டி ஏழுமலையின் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் போன்.

“வா மாஸ்டர். குந்து.”

வேண்டாம் என்றாலும் கேட்காமல் உள்ளே போனார். நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார். டீ வந்தது. சில்வர் டம்ளரில். அவர் கையிலும் அதேபோல ஒன்று.

“போன் பண்ணான். ரூம்ல தண்ணி வரலியாம். ஆபீஸ்ல ஏசி குளுருதாம்.”

“மில்லுக்குப் போயிருந்தா உங்களுக்குத் துணையா இருந்திருப்பான்மா.”

“நான்தான் போடான்னேன்.” மூச்சை இழுத்துக்கொண்டார். “கப்பு கதயச் சொன்னான். அவங்க நைனா அந்தக் கடயில வாயத் தொறக்காம குடிச்சாரு. கழுவிக் கவுத்து வச்சாரு. நீயும் அதயே செய்யத்தான் படிச்சியா, கெளம்புடான்னுட்டேன்.”

“தண்ணிக்கு இன்னா பண்றீங்க?”

“பக்கத்து ஊட்டுப் பொண்ணு ஒரு கொடம் கொண்ணாந்து வெக்கிது. மூச்சு முட்டினா அதயே கூப்புடுவேன். அது தூங்கிட்டா... பாத்துக்கலாம்.”

வீட்டில் இருந்த குடங்களைத் தெருக்குழாயில் நிரப்பிக்கொண்டுவந்து வைத்தேன். “ஒருத்திக்கு இவ்ளோ எதுக்கு மாஸ்டர்?” என்றார். பையைத் தோளில் மாட்டினேன். கிளம்பிவிட்டேன்.

ஆட்டு வியாபாரி என்னைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆடும்.

செஞ்சியை நெருங்கும்போது ரோடு இரண்டு மலைகளுக்கு நடுவே போகும். வலது பக்கம் ராஜகிரி. கோட்டையைத் திறந்துவிட்டார்கள். டிக்கெட் கவுன்டரில் கூட்டம், படியெல்லாம் செல்ஃபி. “எல்லாம் பழையபடி ஆயிடுச்சி” என்று ஒருவர் குடும்பத்திடம் சொல்லிக்கொண்டு போனார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். உண்மையும்கூட.

பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் விசாரித்ததில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ஆள் தேவை என்றார்கள். போனேன். ஷெட் முதலாளி என் ஊரைக் கேட்கவில்லை. அவசரத்தில் இருந்தார்.

“கொரோனா போனா ஆர்டர் படுத்துடும்னு பயந்தேன்பா. டவுன்ல கொஞ்சம் கொறஞ்சிச்சி. கிராமத்துப் பக்கம் கொறையவே இல்ல. இன்னும் கேக்கறானுங்க. ஏன்னு தெரியல.”

எனக்குத் தெரியும்.

மெஷினைப் போட்டார். கண்ணில்லாத மெஷின். எல்லாம் ஒரே அளவாக, ஒரே வெள்ளையாக வந்து விழ ஆரம்பித்தன — பேப்பர் கப்புகள். அடுக்கிக் கட்டுவதுதான் இப்போது என் வேலை.