கணினி தேடி முடிப்பதற்குள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். புன்னைக்காயலில் இருக்கிறேன். என் மகனுக்குக் கப்பலில் வேலை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் முகம் காட்டிப் பேசுவான். படுக்கையில் கிடந்த என் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கல். போனில் முகம் தெரியாது. அதனால் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் காட்டுவோம்.

அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்டிருந்தது. இன்டர்நெட்டுக்கு, சிம் போட்ட டாங்கிள் என்ற சின்னக் குச்சியைச் சொருகி, நெட்வொர்க்கைத் தேட வைக்க வேண்டும். என் மகள் அதை அமுக்கிவிட்டு உலை வைக்கப் போவாள். திரும்பி வரும்போது நெட்வொர்க் பெயர்கள் வந்திருக்கும்; ஒன்றை அமுக்கினால் போதும்.

ஒருமுறை கப்பல் துறைமுகத்தில் நின்ற அன்று மகள் வெளியூர் போயிருந்தாள். மருமகன்தான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பொறுமையில்லாமல் டாங்கிளைப் பிடுங்குவதும் மறுபடி சொருகுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் தேடல் முதலிலிருந்து தொடங்கியது.

“சனியன், ஒண்ணுமே காட்ட மாட்டேங்கு! இந்த லினக்ஸத் தூக்கிக் கடல்ல போடணும்” என்றார்.

மகள் செய்வதைப் பார்த்திருந்ததால், தொடாமல் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மருமகன் முன்னால் நான் பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஏளா, பய வந்துட்டானா?” என்று கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகன் முகம் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. அது அடுத்த துறைமுகம் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார்.

பிறகு மகள் அதே டாங்கிளைச் சொருகி, அமுக்கிவிட்டு, காப்பி போடப் போனாள். பெயர்கள் வந்தன.

“தேடி முடிக்கிற வரைக்கும் தொடக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, மாமி?” என்றார் மருமகன்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை யார் சொல்வது?

இப்போது யார் உட்கார்ந்தாலும் பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்காருகிறேன். “மாப்பிள்ளை, கைய எடுங்க. அது தேடட்டும்” என்கிறேன். மகன் முகம் வந்துவிடுகிறது. அவன் என்னைத் தாண்டி, அப்பா படுத்திருந்த கட்டிலைத்தான் பார்க்கிறான்.