அவர் வேலையை விடவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரில் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். செட்டிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் பியோன் வாவிக்கு மேற்கே பழுகாமத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். என் இயந்திரத்தில் எழுத்து அடைத்துக்கொண்டால், கேட்காமலே வந்து ஊசியால் மையைச் சுரண்டிவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வரவில்லை. பாலத்தடிச் சோதனையில் இராணுவம் பிடித்துவிட்டதாம் என்று அலுவலகத்தில் பேச்சு. சத்தமாகச் சொல்ல எல்லோருக்கும் பயம். மறு கிழமை பிரதம எழுதுநர் ஒரு வரைவை என் மேசையில் வைத்தார். அறிவிக்காமல் கடமைக்கு வராததால், ‘தாங்கள் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுகிறீர்கள்’ என்றிருந்தது. கார்பன் வைத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

ஊரில் எல்லாவற்றுக்கும் ‘வேல போயிற்று’ என்ற ஒரே பேச்சுத்தான். அலுவலகத்தில் அப்படியல்ல. இடைநிறுத்தினால் விசாரணை முடியும்வரை கதவைச் சாத்தியிருக்கிறார்கள், திறக்கவும் கூடும். பணிநீக்கம் என்றால் குற்றம் கண்டுவிட்டார்கள். வறிதாக்கல் என்றால் அலுவலகம் ஒன்றும் செய்யவில்லை, ஆள்தான் எழும்பிப் போய்விட்டார். அதனால் விசாரணையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பியோனின் மனைவி வந்தார். வாசலோரம் இருந்த என்னிடம்தான் முதலில் நீட்டினார்.

“தங்கச்சி, இந்த வறிதாக்கினதெண்டா என்ன?”

“அவர் தானா வேலய விட்டுட்டுப் போனதெண்டு அக்கா.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவர் விடல்லயே. சோத்துப் பார்சலும் கட்டிக்கிட்டு வேலைக்குத்தானே வெளிக்கிட்டவர். பாலத்தடியில பஸ்ஸால இறக்கினத்தச் சனம் கண்டிருக்கு.”

பிரதம எழுதுநர் கெட்டவர் அல்லர். கதிரை போட்டு இருத்தினார். “பிடிச்சதெண்டு ஆமி ஒரு துண்டு தந்தா, இடைநிறுத்தமெண்டு மாத்தி எழுதலாம் பிள்ள. கடதாசி இல்லாம என்னால ஏலாது.”

அந்தத் துண்டுக்காக அந்தப் பெண் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பதே எல்லா இடத்திலும் பதில். பிடிபடாத ஒருவரை இடைநிறுத்த முடியாது. ஆகவே எங்கள் கோப்பில் அவர் வேலையை விட்டுப் போனவராகவே இருந்தார்.

இரண்டு வருடம் கழிந்த பிறகு பிரதம எழுதுநர் வேறொரு வழி சொன்னார். மரணச் சான்றிதழ் எடுத்தால் ‘சேவையிலிருக்கையில் காலமானார்’ என்று திருத்தலாம், குடும்பத்துக்கு ஓய்வூதியம் வரும். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் பெண் கதிரையை விட்டு எழுந்தார்.

“விட்டுட்டுப் போனாரெண்டு நீங்க எழுதினீங்க. இப்ப செத்துப்போனாரெண்டு என்னையா எழுதச் சொல்றீங்க?”

அப்படி எழுந்து போன அந்தப் பெண் அடுத்த வருடம் திரும்பி வந்தார். பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள் என்றார். பையிலிருந்து மரணச் சான்றிதழை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்க மேசையில் வைத்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. திருத்தக் கடிதத்தை நான் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

“முதல் கடிதமும் நீங்களா அடிச்ச?”

“ஓம் அக்கா.”

“அத எடுத்துக் கிழிச்சுப் போடுங்களன்.”

கோப்பிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. மேலே கோடிழுத்து ‘ரத்து’ என்று எழுதலாம், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில், வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு அனுப்ப இன்னொரு வரைவைப் பிரதம எழுதுநர் என் மேசையில் வைத்தார். வேறொருவர் பெயர், அதே வாசகம். “இத நான் அடிக்கமாட்டன் ஐயா,” என்றேன். நானும் வேலையை இழப்பேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் தாளை எடுத்து அடுத்த மேசையில் வைத்தார். அங்கிருந்த பெண் என்னைப் பார்க்காமல் அடிக்கத் தொடங்கினாள்.