மெயின் சுவிட்சில் ஒட்டிய சீட்டு

எங்கள் வீட்டு மெயின் சுவிட்சுப் பெட்டியில் அக்கா சோற்றுப் பருக்கை வைத்து ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். 'அப்பா, இன்னைக்கு மட்டும் எறக்காதீங்க.' நல்லம்பள்ளிப் பக்கத்து எங்கள் வீட்டில் எல்லாரும் வெளியே கிளம்பினால், அப்பா மெயினை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். அன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்குப் போக வேண்டும். டிவியில் அக்காவின் கேம் கடைசிக் கட்டத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக் கேமில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். மறுநாள் அவள் நர்சிங் படிக்கச் சேலத்துக்குப் போகிறாள். சீட்டைப் படித்த அப்பா, "சரி, போவுது வுடு" என்று முதல்முறையாகச் சுவிட்சைத் தொடாமல் வந்தார்.

மறைக்கல்விப் புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு பாதி வழியில் திரும்பி ஓடினேன். எனக்கு அப்போது பதினோரு வயது. ஒரே ஒரு தாவல் தாவிப் பார்க்கலாம் என்றுதான் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டேன். மூன்று உயிரும் மூன்று நிமிடத்தில் போய்விட்டன. மெயினை இறக்கி ஏற்றிவிட்டு, நடுவில் கரண்ட் போயிருக்கும் என்று பிறகு புளுகினேன். அக்கா அழவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கப் போனாள்.

எத்தனையோ வருடம் கழித்து, போன மாதம் அவள் விடுமுறையில் வந்தபோது, பழைய கேம்கள் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அவள் கையால் அன்று விட்ட அதே கேமை முடிக்க வைத்து, உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என்ன எழவு ஆட்டம் அது! பொத்தானை அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் பொம்மை தாவுகிறது. கண்ணுக்குத் தெரியாத மூலையிலிருந்து வௌவால் வந்து முட்டுகிறது. சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் பற்றியா என் பிள்ளைகளிடம் இத்தனை நாள் பீற்றிக்கொண்டேன்? அவர்கள் ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். அக்காவும் இரண்டு முறை ஆடிவிட்டு ஜாய்ஸ்டிக்கை என்னிடம் தந்துவிட்டாள். மதியம் முழுக்கப் போராடி, கட்டைவிரல் சிவக்க, நானே கடைசிக் கட்டத்தைத் தாண்டினேன். வாழ்த்து இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை. மறுபடி முதல் கட்டமே வந்து நின்றது.

எரிச்சலில், அன்றைக்குச் செய்த திருட்டுத்தனத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன்.

"தெரியும்டா. புத்தகம் எடுக்கப் போனவன் வெறுங்கையோடதான வந்த? மொத லீவுக்கு வந்தப்பவே நான் முடிச்சுட்டேன். இதே மாதிரிதான், திரும்ப மொதல்ல இருந்து வந்துச்சு. நீ ஆசையா ஆடிட்டிருந்த, அதான் சொல்லலை."

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒன்றுமில்லாத ஒரு முடிவுக்காக இத்தனை வருடம் கூனிக் குறுகியிருக்கிறேன். திரையில் அந்தப் பொம்மை எதுவுமே நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தது. எழுந்து போய் மெயினை இறக்கினேன்.

மின்விசிறி நின்றதும், உள்ளே படுத்திருந்த அப்பா கத்தினார். "வூட்ல ஆள் இருக்கறப்ப யார்றா மெயினை எறக்குனது?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கரண்ட் போயிருச்சுங்கப்பா."