கஞ்சி போட்ட பட்டு ஸ்கார்ஃப்

1. வடசேரிக்கு நடந்தது

வடசேரி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது தோளில் என் பை கிடந்தது, கையில் ஒரு பிரவுன் கவர் இருந்தது. பையில் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட ஒரு சாரம், சோப்புப் பெட்டி. கவரில் இருந்தது என்னுடையதல்ல. குலசேகரத்துக்காரர் ஒருவரின் பட்டு ஸ்கார்ஃப். நான் கெடுத்துவைத்தது.

காலை பத்தரை மணி. அரைமணி நேரத்துக்கு முன்புவரை நாகர்கோவிலில் ஒரு சலவைக் கடையில் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, மீன்பிடி போட், திருப்பூர், துபாயில் ஒரு ஹோட்டல் லாண்டரி என்று சுற்றியாகிவிட்டது. எந்த இடத்திலும் மூன்று வருஷம் முழுதாக நின்றதில்லை. அதனால் பை எப்போதும் கட்டியபடியே இருக்கும். கிளம்ப அதிக நேரம் ஆகாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணி வந்ததும் அது எங்கே போகப்போகிறது என்று கேட்டுச் சீட்டு எழுதிக் குத்துவோம். ‘ஆபீஸ்’ என்றால் லேசான கஞ்சி. ‘கோயில்’, ‘சர்ச்’ என்றால் நடுத்தரம். ‘கல்யாணம்’ என்றால் இரண்டு தரம் கஞ்சி, ஓரம் கத்தி மாதிரி நிற்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் கல்யாண வீட்டுக்குள் ஒருவர் நுழையும்போது டபுள் வேட்டி சரசரவென்று சத்தம் போடாவிட்டால் அது கடைக்குக் குறைச்சல். நான் போட்ட அயர்னில் தேங்காயே உடைக்கலாம் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அதில் பெருமைதான்.

முந்தின நாள் அந்த ஸ்கார்ஃப் வந்தது. முப்பத்தாறு அங்குலச் சதுரம், கனமான ட்வில் நெசவுப் பட்டு. சீட்டில் முதலாளி ‘கல்யாணம்’ என்று எழுதியிருந்தார். நான் வேறொன்றும் கேட்கவில்லை. பட்டுதானே என்று கஞ்சியை நீர்க்க வைத்து ஸ்ப்ரே அடித்தேன், அயர்ன் பண்ணினேன். நாலு ஓரத்திலும் தீக்குச்சி தடிமனுக்கு ஏதோ உருண்டு நின்றது. சுருக்கம் என்று நினைத்தேன். அயர்ன் பெட்டியின் முழுப் பாரத்தையும் கொடுத்து நாலு பக்கமும் தட்டையாக்கினேன். வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. நல்ல வேலை என்று ரேக்கில் வைத்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“நான் குலசேகரத்துல இருந்து ரோஸ்லின். நேத்து ஒரு ஸ்கார்ஃப் குடுத்தேன்லா. ஆவி மட்டும் காட்டினாப் போதும், கேட்டியளா? ஓரத்த அழுத்திரப்பிடாது. அது கையால உருட்டித் தச்சது. உருண்டே நிக்கணும். நேத்தே சொல்ல நெனச்சேன், விட்டுப்போச்சு.”

“சரி சிஸ்டர்” என்று வைத்துவிட்டேன். குவைத்தில் நர்ஸாக இருந்து வந்தவர் என்று முதலாளி சொல்லியிருந்தார். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை, பலகை மாதிரி சாய்ந்தது. “சரி, போட்டும். பேப்பர்ல சுத்தி குலசேகரம் பஸ்ல குடுத்து விடு. நாளைக்கு கல்யாணக் கூட்டத் திரக்குல ஆரு மக்கா ஓரத்தப் பாக்கப்போறா?”

“அந்தம்மா பாப்பாவ, அண்ணாச்சி. நான் கொண்டுபோய்ச் சொல்லீட்டு வாறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“கெடுத்துட்டேம்னு.”

“கடைப் பேரு நாறும்லே. போறதுன்னா அப்படியே போயிரு. திரும்பி இந்தப் படி ஏறாத.”

நான் பையை எடுத்தேன். பெரிய நேர்மை என்றெல்லாம் இல்லை. ஓரத்தைப் பற்றி அந்த அம்மாள் போனில் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. எனக்கும் அந்தக் கடையில் இரண்டேகால் வருஷம் ஆகியிருந்தது. அதுவும் ஒரு காரணம்.

2. ராணி ஓட்டிய ஸ்கூட்டர்

குலசேகரத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பக்கத்து வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். அது ரோஸ்லின் சிஸ்டரின் அண்ணன் வீடு. மறுநாள் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ரப்பர்த் தோட்டம்.

சிஸ்டருக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். கவரைப் பிரித்து மேஜைமேல் விரித்தார். ஓரத்தை விரலால் தடவினார். ஒரு பக்கம், இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம் பாதியில் கையை எடுத்துவிட்டார்.

“இது நான் செஞ்சது சிஸ்டர். கல்யாணம்னு சீட்டுல கெடந்தது. வேட்டி மாதிரி பண்ணீட்டேன்.”

அவர் திட்டவில்லை. “கஞ்சியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமா.”

அப்போதுதான் அதில் என்ன வரைந்திருக்கிறது என்று நான் சரியாகப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் பார்த்ததெல்லாம் சுருக்கத்தைத்தான். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த துணி மூட்டைகளில் வர்ணச் சீட்டு ஒட்டியிருப்பார்களாம், சிஸ்டர் சொன்னார். சீட்டில் ஊஞ்சலில் ஒரு ராணி, இரண்டு பக்கமும் சிங்கம். திருவனந்தபுரத்தில் ஒரு பெண் அந்தச் சீட்டுகளைத் தேடிப் பிடித்து, மாற்றி வரைந்து, பட்டில் அச்சடிக்கிறாள். இதில் ராணி ஸ்கூட்டர் ஓட்டினாள். கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட். சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் மாலை போட்ட இரண்டு தெருநாய்கள். சுற்றிலும் பழைய வீட்டுத் தரைக்கல்லில் இருக்கும் பூக்கள். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். செய்த தப்புக்கு அந்த நேரத்தில் சிரிப்பு கூடாதுதான். ஆனால் சிஸ்டருக்கும் முகம் கொஞ்சம் இளகியது.

“பாத்தியளா? சிரிப்பு வருதுல்லா. அதுக்குத்தான் வாங்கினேன்.”

இருபத்தாறு ஸ்கார்ஃப் வைத்திருந்தார். பீரோவைத் திறந்து காட்டினார். மடித்தால் மடிப்பில் பட்டு இற்றுவிடும் என்று சார்ட் பேப்பர் குழல்களில் சுருட்டி, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் பொதிந்திருந்தார். தீப்பெட்டிப் படத்தை மாற்றி வரைந்தது ஒன்று, பழைய தேயிலைப் பெட்டிப் படத்தில் இருந்து எடுத்தது ஒன்று. ஒரு நோட்டும் இருந்தது. எந்த ஸ்கார்ஃபை எங்கே கட்டினார் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி ஆண்டு விழா, ஈஸ்டர், தோழியின் மகள் பட்டமளிப்பு. எல்லாம் குவைத். ஊருக்கு வந்தபிறகு வாங்கிய ஒன்பதுக்கும் நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இங்க கெட்டலியா சிஸ்டர்?”

“இங்க கெட்டுனா ஆளுக கேலி பேசுவாவ. நாலு வருசமா எடுத்துப் பாப்பேன், திரும்பச் சுருட்டி வைப்பேன். நாளைக்கு எப்படியும் கெட்டிரணும்னு இருந்தேன்.” ஸ்கார்ஃபைப் பார்த்தார். “சவத்த விடுங்க. வேண்டாம்னு அர்த்தம் போல.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கெடுத்தது அவருக்கு ஒரு சாக்காகிவிட்டது.

அந்த நேரத்தில் அண்ணன் மனைவி உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. சிஸ்டர் ‘மைனி’ என்று கூப்பிட்டார். கல்யாண வீட்டு அவசரத்தில் வாசலில் நின்றபடியே பேசினார்.

“ஏட்டி, இது என்னது, விசிறியா?”

“ஸ்கார்ஃப் மைனி. நாளைக்குக் கெட்டலாம்னு.”

“கழுத்துலயா? பிளேன்ல வேலைக்குப் போறியா? நெக்லஸ் இருக்க துணியச் சுத்திட்டு வந்தா, நாத்தனார் நகைய நாங்க வாங்கி வித்துட்டோம்னு சொல்லுவாளுக.” என்னைப் பார்த்தார். “இவரு ஆரு?”

“இதக் கெடுத்தவரு” என்றார் சிஸ்டர்.

“நல்ல காரியம்” என்று சொல்லிவிட்டு மைனி போய்விட்டார்.

சிஸ்டர் நெக்லஸ் பெட்டியை எடுக்க எழுந்தார். நான் சொன்னேன், “ஓரத்த நான் சரியாக்கித் தாறேன் சிஸ்டர். தையல் பிரியல்ல. ஆனா சரியாக்கினா நீங்க கெட்டுவியளா? கெட்டமாட்டியன்னா நான் இப்பமே பஸ்ஸப் பிடிக்கேன்.”

வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக் கூடாது. ஆனால் நான் அப்போது எந்தக் கடையிலும் இல்லை.

அவர் நெக்லஸ் பெட்டியை எடுக்காமல் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, “கெட்டுவேன். என்ன வேணும்?” என்றார்.

“ஒரு வாளி தண்ணி. புட்டுக் குடம் இருக்கா?”

3. புட்டுக் குடம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பட்டில் கஞ்சி ஏறிவிட்டால் அயர்ன் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது, தண்ணீரால்தான் முடியும். முதலில் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டவில்லை. பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்து, பிழியாமல், தண்ணீரை மட்டும் மாற்றினோம். மூன்றாவது வாளியில்தான் வழவழப்பு போனது. டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பின்பக்க வராந்தாவில் நிழலில் போட்டோம். பக்கத்து வீட்டில் பாயசத்துக்குத் தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முக்கால் காய்ந்ததும் அடுப்பில் புட்டுக் குடத்தை வைத்தோம். ஆவி ஒரே துளையில் வருவதால் ஓரத்துக்கு அதைவிட வசதியான சாமான் இல்லை. ஆனால் குடம் தண்ணீரைத் துப்பும். ஒரு சொட்டு விழுந்தால் பட்டில் கறை வட்டமாக நிற்கும். அதனால் துளைமேல் மெல்லிய துணியைக் கட்டினேன். ஒரு சாண் உயரத்தில் ஓரத்தைக் காட்டி, சூடு இறங்குமுன் விரலால் உருட்ட வேண்டும்.

நான் உருட்டினேன். வரவில்லை. பல வருஷம் அயர்ன் பெட்டி பிடித்த கை. அழுத்தத்தான் தெரிந்தது.

“தள்ளுங்க” என்றார் சிஸ்டர். “நான் எத்தன வருசம் பேண்டேஜ் சுத்தினவ. நீங்க ஆவியக் காட்டுங்க.”

அவர் விரலில் அது எழும்பியது. ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம். நான் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் உருட்டினார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனது. மூன்று பக்கம் நன்றாக வந்தது. நாலாவது பக்கத்தில்தான் நான் பெட்டியை இரண்டு தரம் ஓட்டியிருந்தேன். அது பாதிதான் எழும்பியது.

“இதுக்கு மேல வராது சிஸ்டர்.”

“முடிச்சுக்குள்ள போயிரும்” என்றார். கண்ணாடி முன் நின்று கட்டிக் காட்டினார். சாம்பல் நிறப் புடவை, கழுத்தில் வேறொன்றும் இல்லை. தட்டையான பக்கம் முடிச்சுக்குள் போய்விட்டது. ஸ்கூட்டர் ராணி நெஞ்சில் சரியாக வந்து நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மைனி மறுபடி வந்தார், புட்டுக் குடத்தை இரவல் கேட்டு. கண்ணாடி முன் நின்ற சிஸ்டரைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“இந்த நாயி எதுக்கு மாலை போட்டிருக்கு?”

“உன் மவன் கல்யாணத்துக்கு வந்திருக்கு.”

மைனிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் திரும்பி என்னிடம் கேட்டார்.

“ஓய், உமக்கு ரோலர் சுத்தத் தெரியுமா?”

“என்ன ரோலர்?”

“ரப்பர் ஷீட் அடிக்கதாக்கும். எங்க ஷீட்டுக்காரனும் நாளைக்குப் பந்தியில நிக்கணும். கல்யாணம்னு சொன்னா தட்டுல உறைஞ்ச ரப்பர் பாலு காத்துக்கிட்டு கெடக்குமா?”

தெரியாது என்றேன். காலை ஏழு மணிக்கு வந்தால் காட்டித் தருவதாகச் சொன்னார். நான் போய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் தங்கினேன்.

4. ஷீட்

ஏழு மணிக்கு ரோட்டோரத்தில் இருந்த அவர்களுடைய ரப்பர் ஷெட்டுக்குப் போனேன். பட்டுச் சட்டையும் டபுள் வேட்டியுமாக ஷீட்டுக்காரர் எட்டி நின்று, வேட்டியில் பால் படாமல் விளக்கினார். அலுமினியத் தட்டில் ரப்பர் பால் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். முதலில் கையால் பரத்த வேண்டும். பிறகு வழுவழுப்பான ரோலரில் நாலு தரம், கோடு போட்ட ரோலரில் ஒரு தரம். பிறகு கொடியில். ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டையாக்குகிற வேலைதான். எனக்குத் தெரிந்ததுதான்.

எட்டு ஷீட் போட்டிருப்பேன். ரோட்டில் கல்யாணக் கார்கள் சர்ச்சுக்குக் கிளம்பின. இரண்டாவது கார் ஷெட்டுக்கு நேரே வந்ததும் நின்றது. பின் சீட்டில் சிஸ்டர். கழுத்தில் ஸ்கார்ஃப் இருந்தது, நெக்லஸ் இல்லை. என்னைப் பார்த்து முடிச்சை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். மைனி அவரைத் தாண்டிக் குனிந்து கண்ணாடியை இறக்கினார்.

“ஓய், ஷீட்டுக்கும் கஞ்சி போட்டுராதேயும்!”

காருக்குள் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது சிஸ்டர்தான். கார் போய்விட்டது.

நான் அடுத்த தட்டைக் கவிழ்த்தேன். ரோலரில் கொடுப்பதற்கு முன் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் ரப்பர்தான். இருந்தாலும் அன்று முதல் எந்த வேலையிலும் கை முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. எழுதி வந்த சீட்டை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

பிறகு ரோலரின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினேன்.