வால்டாவின் வாயைக் கட்டிய மருமகன்

வால்டா நுங்கராயிக்கு வேலை இரண்டு, வாய் ஒன்று. நடுப் பாலைவனத்தில் இருந்த அந்தப் பழங்குடி ஊரில், விடியும் முன்பே ஓவியக் கூடத்துக்குப் போய்த் தரையில் துணியை விரித்து உட்கார்ந்துவிடுவாள். அப்பா வழியில் அவளுக்கு உரிமைப்பட்டது ஈசல் கதை. அதை மட்டும்தான் தீட்டுவாள். அடுத்தவர் கதையைத் தொடமாட்டாள். ஒன்பது மணியானதும், விரலில் மஞ்சள் வண்ணம் காயும் முன்பே, பெயர்ப் பட்டை குத்திய சட்டையை மாட்டிக்கொண்டு கவுன்சில் அலுவலக மேஜைக்கு வந்துவிடுவாள்.

கூரை ஒழுகுகிறதா, பென்ஷன் நின்றுபோனதா, பையனுக்கு லைசென்ஸ் வேண்டுமா, ஊரே அந்த மேஜைக்குத்தான் வரும். வால்டா ஃபோனை எடுப்பாள். மறுமுனையில் இருப்பவன் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ, பாவம்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் நானூறு பேர் பிழைத்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் தோற்றுக்கொண்டே இருந்தது. அது அவள் புருஷன் விஷயம்.

ஹெக்டர் ஜங்கலாவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. ரத்தம் சுத்தம் பண்ணும் இயந்திரம் ஆலிஸ் நகரத்தில்தான் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அதில் உட்கார வேண்டும். ஐந்து மணி நேரச் செம்மண் சாலையில் அப்படிப் போய்வர யாரால் முடியும்? மனுஷன் அங்கேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டார். ஊர்க்காரர்கள் இன்னும் நாலு பேருக்கும் அதே கதி. ஊரிலேயே இரண்டு டயாலிசிஸ் நாற்காலிகள் போட்டுக் கொடுங்கள் என்று வால்டா நாலு வருஷமாகக் கடிதம் எழுதினாள், கத்தினாள், கூட்டத்தில் மேஜையைக் குத்தினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

கடைசியில் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் நேரில் வருவதாகச் சொன்னார்கள். பெயர் நைஜல். இரண்டு ஊர் கேட்கிறது, ஒன்றுக்குத்தான் கிடைக்கும். எந்த ஊர் என்று எழுதப்போவது அவர்தான். பத்து மணிக்கு விமானம் வரும், இரண்டு மணிக்குத் திரும்பிவிடும். வால்டா பதினோரு பக்கம் எழுதி வைத்து, வாசலில் படுத்திருந்த நாய்களிடம் மூன்று நாள் பேசிப் பழகினாள். நாய்கள் ஒத்துக்கொண்டன.

சின்ன விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. வால்டாவும், கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள் ரொக்சேனும், ஹெக்டரின் தங்கை மெர்னாவும் நின்றிருந்தார்கள். வெயிலில் மூக்குச் சிவந்த ஒரு மனுஷர் இறங்கி, வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். வால்டாவும் கையை நீட்டினாள்.

"என்னை நைஜல்னு கூப்பிட வேண்டாம். போன வாரம் ஆலிஸ் ஆஸ்பத்திரியில ஹெக்டர்னு ஒரு பெரியவர் உங்க குலப் பேரு ஒண்ணு எனக்கு வெச்சார். நான் இப்ப ஜப்பங்கார்டி!"

நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தப் பழங்குடியில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் எட்டுக் குலப் பெயர்களில் ஒன்று உண்டு; வால்டாவுக்கு நுங்கராயி, ஹெக்டருக்கு ஜங்கலா. வெளியாள் வந்து பழகினால் அவனுக்கும் ஒன்று வைப்பார்கள். இல்லையென்றால் அவன் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் பேசுவது எப்படி? நுங்கராயி பெற்ற பெண்ணைக் கட்டுகிறவன் ஜப்பங்கார்டி. ஆகவே இந்தச் சிவந்த மூக்கு மனுஷர் வால்டாவுக்கு மருமகன். மாமியார் மருமகனைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே நிழலில் நிற்கக்கூடாது. அது மரியாதை. மூளை யோசிக்கும் முன்பே உடம்பு செய்துவிடும். வால்டா கழுத்துத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஒரே ஓட்டமாக டொயோட்டா வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

நைஜல் கையை நீட்டியபடியே நின்றார். ஒரு நாய் வந்து அதை மோந்து பார்த்தது.

மெர்னா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடியே ரொக்சேன், உன் புருஷன் பிளேன்ல வந்து எறங்கியிருக்கான்டி! மண்டையில நாலு மயிர் இருந்திருக்கலாம்!"

"அத்தை, வாய மூடு."

வண்டிக்குப் பின்னாலிருந்து வால்டா ஆலிஸுக்கு ஃபோன் போட்டாள்.

"ஜங்கலா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"என்ன, மாப்பிள்ளை வந்துட்டாரா?"

"எட்டுப் பேரு இருக்கே! தம்பி முறையில வெச்சிருக்கலாம், பேரன் முறையில வெச்சிருக்கலாம். இந்த ஒண்ணுதான் கெடச்சுதா உனக்கு?"

"வார்டைச் சுத்திப் பாக்க வந்தாரு. நல்ல மனுஷன், பக்கத்துல உக்காந்து பேசினாரு. நர்ஸ் ஊசி குத்திட்டு இருந்தா, வாயில வந்தத வெச்சேன்."

"இப்பவே மாத்து."

"வெச்ச பேர மாத்தறதா? நம்ம ஊர்க்காரங்க மத்த நாலு பேரும் சாட்சி. லிண்ட்ஸே மெஷினோட சேத்துக் கையத் தூக்கித் தட்டினான். சரி சரி, மெஷின் கத்துது, வெக்கிறேன்."

கத்தியது இயந்திரமா அந்த மனுஷனின் சிரிப்பா, யார் கண்டது? வால்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் பதினோரு பக்கம், எதிரில் நாலு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்த ஆள், வாய்க்குப் பூட்டு. இந்த ஒரு நாள் மட்டும் முறையை மறந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஊரில் முறை தவறுகிற இளசுகளையெல்லாம் நிற்கவைத்துத் திட்டுகிறவள் யார்? அவள்தானே. விமானம் பார்க்க வந்த கூட்டம் வேறு, இவள் என்ன செய்யப்போகிறாள் என்று வேலி ஓரமாக வரிசை கட்டி நின்றது.

மெர்னாதான் வழி கண்டுபிடித்தாள். ஓவியக் கூடத்தில் வால்டா முடித்து வைத்திருந்த ஈசல் படத்தை, ஆள் உயரச் சட்டத்தோடு, நடுவில் நிறுத்தினாள். அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகன், ஓரத்தில் இருவருக்கும் தெரிகிற மாதிரி ரொக்சேன்.

"மாப்பிள்ளை, அவ பேரச் சொல்லாதீங்க. எட்டிப் பாக்காதீங்க. அப்புறம், மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாங்க? மருமகன்னா கறி கொண்டுவரணும்," என்றாள் மெர்னா.

பாவம், மனுஷர் கடைக்கு நடந்துபோய் உறைபெட்டியிலிருந்து இரண்டு கங்காரு வால் வாங்கிக்கொண்டு வந்தார். அவை ரொக்சேன் கை வழியாகப் படத்தைச் சுற்றி வந்தன.

"வாலு ரெண்டும் சூம்பிப்போய் இருக்குன்னு சொல்லு," என்று தங்கள் பாஷையில் கிசுகிசுத்தாள் வால்டா.

"அம்மா ரொம்ப நன்றின்னு சொல்றாங்க," என்றாள் ரொக்சேன்.

நைஜலுக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு கேக்கலாமா?"

"மருமகனுக்குச் சொல்ற கதை இல்லன்னு சொல்லு."

"அப்புறமா சொல்றாங்களாம்."

வால்டா முதல் பக்கத்தை எடுத்தாள். துறை, தேதி, கடித எண் என்று கிசுகிசுப்பாகவே ஆரம்பித்தாள். ரொக்சேன் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, பதினோரு பக்கத்தையும் நான் ஒவ்வொண்ணாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பிளேன் போயிடும். ரெண்டே வார்த்தையில சொல்லு."

ரெண்டே வார்த்தையா? வால்டாவா? அவள் காகிதத்தைப் புரட்டினாள். எதை எடுத்தாலும் நீளமாக இருந்தது, எதை எடுத்தாலும் முன்பே யாரிடமோ கத்தியதாக இருந்தது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாலு வருஷமா தெனம் காலையில ரெண்டு கப் டீ போடறேன்னு சொல்லு. கைப் பழக்கம், விட மாட்டேங்குது. ஒண்ணக் குடிக்கிறேன், ஒண்ண மண்ணுல ஊத்தறேன். எனக்கு அந்த மனுஷன் வேணும். அவ்வளவுதான்."

ரொக்சேன் அம்மாவையே பார்த்தாள். பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிற மகளுக்கே இது தெரியாது.

"அப்படியே சொல்லுடி. சக்கரை தடவாத."

ரொக்சேன் அப்படியே சொன்னாள்.

நைஜல் கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "உண்மையைச் சொல்லிடறேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். எழுதியே எடுத்துட்டு வந்தேன். இங்க ஒருத்தங்க பயங்கரமா சத்தம் போடுவாங்கன்னு சொல்லியிருந்தாங்க, அதுக்கெல்லாம் பதில் தயாரா இருந்துது. இதுக்கு இல்ல." பிறகு மெர்னா பக்கம் திரும்பினார். "மாமியார்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்வாங்க உங்க ஊர்ல?"

"அப்படிச் சொன்ன மருமகன் எவனையும் நான் இன்னும் பாக்கல," என்றாள் மெர்னா.

அவர் பேனாவை எடுத்து எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். "தண்ணியும் கரண்டும் இருக்கற அறை ஏதாவது இருக்கா?"

பழைய தையல் அறை இருந்தது. நைஜல் போய் நாடா வைத்து அளந்தார். வால்டா முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும், பிறகு குப்பை வண்டிக்குப் பின்னாலும் பதுங்கிப் பதுங்கிப் போய், கை ஜாடையிலேயே மகளை வேலை வாங்கினாள். குழாயைத் திறந்து காட்டு. ஃபேனைப் போடாதே, சத்தம் போடும். அந்த ஓட்டைக்கு முன்னால் போய் நில்லு.

விமானம் போனதும் ஹெக்டரே கூப்பிட்டார். "மாப்பிள்ளை எப்படி?"

"வேணும்னுதானே பண்ணின?"

"நாலு வருஷம் உன் வாயத் திறந்து விட்டுப் பாத்தாச்சு, நுங்கராயி. ஒரு நாள் மூடிப் பாப்போமேன்னு தோணிச்சு."

"வீட்டுக்கு வா, உன்னப் பேசிக்கிறேன்."

"அதுக்குத்தானே இவ்வளவும்," என்றார் ஹெக்டர்.

ஏழு மாதம் கழித்துத் தையல் அறைக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. நர்ஸ் வருவது வாரத்துக்கு மூன்று நாள்தான்; காலையில் இரண்டு பேர், மதியம் இரண்டு பேர் என்று நாலு பேர் ஊர் திரும்பினார்கள். திறப்பு விழாவுக்கு நைஜலும் வந்தார். வந்துதானே ஆகவேண்டும், கையில் கங்காரு வாலோடு! இந்த முறை நல்ல கொழுத்த வால். நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய நாற்காலிகளின் திறப்பு விழாவில், வால்டா அதே ஈசல் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மைக் ஹெக்டர் கையில் இருந்தது.

"என் பொண்டாட்டி அதிகம் பேச மாட்டா, ரொம்ப அமைதியானவ," என்று அவர் ஆரம்பித்தார். கூட்டம் கூரை பிளக்கச் சிரித்தது. படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

எல்லாம் முடிந்தபின் நைஜல் தயங்கித் தயங்கி ரொக்சேனிடம் வந்தார். "உங்க அம்மாகிட்ட நேர்ல ரெண்டு வார்த்தை பேசணும்னு ஆசை. எனக்கு வேற பேரு மாத்தி வெக்க முடியுமான்னு கேளுங்களேன். தம்பி, பேரன், எதுன்னாலும் சரி."

ரொக்சேன் படத்துக்குப் பின்னால் போய்க் கேட்டாள். வால்டா சட்டத்தின் இடுக்கு வழியாக அறையை எட்டிப் பார்த்தாள். ஒரு நாற்காலியில் ஹெக்டர், மடியில் அவள் போட்டுக் கொடுத்த டீ. இன்னொன்றில் இன்னொருவர். மதியத்துக்கு இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆளான லிண்ட்ஸே மட்டும் இடமில்லாமல் இன்னும் ஆலிஸ் விடுதியில் இருந்தான்.

"மூணாவது நாற்காலி வரட்டும். அதுவரைக்கும் அவரு எனக்கு மருமகன்தான்னு சொல்லு," என்றாள் வால்டா.

ரொக்சேன் இந்த முறை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் போய்ச் சொன்னாள்.