வேகாத பருப்பும் வேலூர் வீடும்

என் மாமியார் வேலூரில் வீடு பார்த்த கதையைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிரிக்காதவர்கள் கிடையாது. அன்றைக்கு எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்கு ஏழாம் மாதம். "இனிமே ஆம்பூர்ல இருக்காதே. பிள்ளை பொறக்கற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே வீடு பிடிச்சுத் தங்கிடு" என்று வேலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் இருந்தது. முதல் பிரசவத்தில் எனக்கு வலி கண்டபோது, "இன்னும் நேரம் கீது, மெதுவா கெளம்பலாம்" என்று சொன்னவர் அத்தை. மெதுவாகக் கிளம்பிய மாட்டுவண்டி பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது; ஒரு தடவைகூட அழவில்லை, தங்கவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை, அத்தையிடம் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டியில் தோலைத் தரம் பார்த்துப் பிரிக்கும் வேலை. லீவு கிடைக்காததால் என்னையும் அத்தையையும் காலை ரயிலில் ஏற்றி அனுப்பினார். பெட்டியில் உட்கார்ந்ததுமே அத்தை சட்டம் போட்டுவிட்டார். "சாயங்கால வண்டிக்குள்ள நல்ல வீடா அமைஞ்சா இருப்போம். இல்லன்னா பேசாம ஊருக்கு வந்துரணும். இப்பவே சொல்லிட்டேன்."

நல்ல வீடு என்றால் அவருக்குக் காற்றும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். தண்ணீர்தான். பாலாற்று ஊற்றுத் தண்ணீரில் சமைத்தே பழகியவர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, பருப்பு வேகாத இடத்தில் மனுஷர் குடியிருக்க முடியாது என்பது அவர் கட்சி. மடியில் ஒரு முடிச்சு துவரம்பருப்பு, கையில் ஒரு சின்னச் சட்டி. எந்த வீட்டுக்குப் போனாலும் "கொஞ்சம் அடுப்பு குடும்மா" என்று கேட்டு, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பிடி பருப்பைப் போட்டு, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். இவர்கள் வீடு பார்க்க வந்தவர்களா, சாப்பிட வந்தவர்களா என்று வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். எனக்கு மானமே போயிற்று.

முதலில் தேறியது வேலப்பாடியில் ஒரு வீடு. அங்கே பருப்பு குழைந்தது பாருங்கள், மத்தே வேண்டாம். அத்தைக்கு வாயெல்லாம் பல். "இதாண்டி வீடு!"

"அத்தை, ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம் பாத்தீங்களா?"

"ஏன், ஜட்கா இல்லியா இன்னா?"

"வலி வர்ற நேரத்துக்கு ஜட்கா வந்து வாசல்ல நிக்குமா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் அந்த மாட்டுவண்டிப் பேச்சு வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். அத்தை சட்டியைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, இன்னும் ஒண்ணு பாப்போம். ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்று லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தனியாக இருந்த ஒரு முஸ்லிம் அம்மாள் தன் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தார். கைவண்டிச் சத்தம், மிளகாய் மண்டி நெடி, மூச்சுக்கு மூச்சு தும்மல். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துவிட்டது! ஆசையாகத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். ஊறுகாய் போடலாம், அவ்வளவு கரிப்பு. "உப்பு கொஞ்சம் ஜாஸ்திதாம்மா" என்று அந்த அம்மாளே ஒப்புக்கொண்டார்.

அத்தை சட்டியை ஏற்றினார். எத்தனை கொதி வந்தும் பருப்பு போட்டது போட்டபடி கிடந்தது. "நீ பாத்துக்க, வெத்தல வாங்கியாறேன்" என்று போனார். கொஞ்ச நேரத்தில் வெற்றிலை இல்லாமலே வந்தார், சட்டியை எட்டிப் பார்த்தார், மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார், பார்த்தார், போய்விட்டார். சாயங்கால ரயில் என் கண்முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சிட்டிகை சமையல் சோடா போடும்மா, பூவா வெந்துரும். அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவர் சொன்னது சிட்டிகை, நான் கொட்டியது பாதிப் பொட்டலம். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! நுரை பொங்கி, சட்டியைத் தாண்டி வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா அத்தை வந்து நிற்க வேண்டும்?

"இன்னாடி இது? பருப்ப வேக வெச்சியா, துணி வெளுத்தியா?"

அழுதுவிட்டேன். "என்னை ஊருக்கு இட்டுனு போகாதீங்க அத்தை. இந்தப் புள்ளையும் போய்ட்டா என்னால தாங்க முடியாது."

அத்தை பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் வேர்வை.

"யார்டி உன்ன இட்டுனு போறது? மூணு வாட்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். மொதல்ல என் நடையில. அப்பறம் உன் நடையில. மூணாவது, வலி வந்தவளாட்டம் இடுப்பப் புடிச்சிக்கினு, நின்னு நின்னு போனேன். ஒரு ஜட்காக்காரன் 'எத்தினி மாசம் ஆயா?'ன்னு கேக்கறான், கட்டையில போறவன்!"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்தேன்; அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "போன வாட்டி நேரம் கீதுன்னு சொன்னது நான்தானே" என்றார். "இங்கேர்ந்து போனா நேரம் பத்தும்டி. பருப்பு வேகாட்டி போவுது. கீரையத் துன்னுட்டு கெடப்போம்."

அவர்மேல் வைத்திருந்த கோபம் அத்தோடு போயிற்று. சும்மா சொல்லவில்லை, அப்படியே போய்விட்டது.

அந்தச் சந்தில் இருந்த நாட்கள் நான் ராணியாக இருந்த நாட்கள். அத்தையும் வீட்டுக்கார அம்மாளும் உயிர் தோஸ்த் ஆகிவிட்டார்கள். ஒரு நாள் காலை, பஜாரில் கடை திறக்கும் நேரம், எனக்கு வலி கண்டது. அத்தை என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "வழி வுடு, வழி வுடு!" என்று அவர் போட்ட அதட்டலில் கைவண்டியெல்லாம் ஓரம் போயிற்று. நடந்தே போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறுவதற்குள் பெண் பிறந்தாள். பிறந்ததும் அவள் போட்ட கத்தல் வராந்தா வரைக்கும் கேட்டதாம். கத்தி ஓய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கதவு மெதுவாகத் திறந்தது. அத்தை தலையை மட்டும் உள்ளே நீட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, நர்ஸம்மாவிடம் கெஞ்சினார்.

"இன்னொரு வாட்டி அழ வையேம்மா. ஒரே ஒரு வாட்டி."